டிரெட்மில்லா, ஊரணிக்கரையா?

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் டிரெட்மில் இல்லாத பெரிய வீடு இப்போது குறைவு. பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பதால் என்னைப் பார்த்ததும் கேட்பார்கள்: "சார், இதெல்லாம் ஒரு ஓட்டமா? பெல்ட்தானே காலை இழுத்துக்கொண்டு போகிறது?"

இழுக்கவில்லை. சீராகப் போகிற ரயிலில் பெட்டிக்குள் நடப்பவருக்கு நடை இலேசாகிவிடுகிறதா என்ன? பெல்ட்டும் அப்படித்தான். ஒரே வேகத்தில் அது சுற்றுகிறவரை, காலுக்கு உண்டான உழைப்பு அங்கும் இங்கும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் காற்றில்தான். சாலையில் ஓடுகிறவர் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அறைக்குள் அந்த வேலை இல்லை. 1996-இல் ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனாதன் டவுஸ்ட் என்ற ஆய்வாளர்கள், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை இரண்டு விதமாகவும் ஓடவிட்டு அளந்தார்கள். டிரெட்மில்லின் முன்பக்கத்தை 1 சதவீதச் சரிவுக்கு ஏற்றி வைத்தால் சாலை ஓட்டத்தின் உழைப்புக்குச் சமமாகிறது என்று கண்டார்கள்.

இந்த 1 சதவீதத்தை ஜிம்களில் வேதவாக்காகச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் அளந்தது மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீட்டர் வரையிலான வேகத்தை. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓடுவது 7, 8-இல். அந்த வேகத்தில் காற்று பெரிதாக என்ன தடுத்துவிடப் போகிறது? ஏற்றி வைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. அதைவிட, கைப்பிடியில் தொங்கிக்கொண்டே ஓடுவதை விடுங்கள். உடம்பின் பாரத்தைக் கை வாங்கிக்கொள்கிறது, திரையில் காட்டுகிற கலோரிக் கணக்கோ அதை அறியாது.

காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விப்பது அதுதான். மூடிய அறையில் ஓடினால் வியர்வை கொட்டும், சூடு மட்டும் இறங்காது. இதயம் தேவைக்கு மேல் அடித்துக்கொள்ளும். "நல்லா வேர்க்குது, கொழுப்புக் கரையுது" என்று மகிழ்வதில் பயனில்லை, போவது தண்ணீர்தான். நம் வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகளை ஒரே நேராக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கதவுகளைத் திறந்துவிட்டு, வளவு என்கிற உள்முற்றத்து ஓரத்தில் இயந்திரத்தைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு ஒரு மின்விசிறி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேல் ரப்பர் விரிப்பு போட மறக்க வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் வெளியே ஓடுவதற்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். அப்போது டிரெட்மில்தான் சரி. ஆனால் அது கற்றுத்தராத பாடம் ஒன்று இருக்கிறது. பெல்ட்டில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழுகிறது. திருப்பம் இல்லை, சரளை இல்லை, பெரும்பாலான இயந்திரங்களில் இறக்கமும் இல்லை. இறக்கத்தில் உடம்பைப் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை. மேடு பள்ளத்தில் தடுமாறாமல் காப்பது கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள். வீட்டுக்குள் இவற்றுக்கு வேலை குறைவு. தைப்பூசத்துக்குப் பழநி நடைக்குக் கிளம்புகிறவர்களில், வீட்டு டிரெட்மில்லை மட்டும் நம்பி வந்தவருக்குத்தான் இரண்டாம் நாளே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பழநி நூறு கிலோமீட்டருக்கும் மேல் அல்லவா? வெறுங்காலோடு போகிறவர்களும் உண்டு. அவர்கள் கார்த்திகையிலிருந்தே வாரத்தில் மூன்று நாளாவது மண்ணில் இறங்கிவிட வேண்டும்.

அதற்கு ஊரணிக்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பாதிச் சுற்றுகளை வலமாகவும் மீதியை இடமாகவும் ஓடுங்கள். ஒரே பக்கம் வளைந்து ஓடினால் ஒரு முழங்கால் மட்டும் முணுமுணுக்கும். சாலையில் என்றால் வலப்பக்கமாக, எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நில்லுங்கள். அப்புறம் மெதுவாக நடந்து விலகுங்கள். அதன் வேகத்துக்கு நம்மால் ஆகாது.

நெஞ்சுவலி, சர்க்கரை உள்ளவர்கள் எங்கே ஓடுவதானாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. டிரெட்மில்லில் ஒரு பாதுகாப்புச் சாவி கயிற்றோடு தொங்கும். அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ளாமல் ஏறாதீர்கள். விழுந்தால் சாவி பிடுங்கிக்கொண்டு பெல்ட் நின்றுவிடும். ஓடி முடித்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். விடுமுறைக்கு வருகிற பேரன் பேத்திகள் முதலில் தொடுவது அந்த இயந்திரத்தைத்தான். ஓடுகிற பெல்ட்டில் சின்ன விரல் பட்டால் தோல் உரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.