வீராணம் ஏரியும் காட்டுமன்னார்கோயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயர்தான் மருவி வீராணம் ஆயிற்று. பெருங்கரை கிழக்கே, தெற்கு வடக்காக ஓடுகிறது. அதன் மேல் லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை சாலை செல்கிறது. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் நெல்வயல். இந்த அழகுக்காகவே அங்கே போகலாம்.

போவதற்கு முன் நீர்மட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவில் 47.50 அடி என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அது ஆழம் அல்ல, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். ஏரி பரந்தது, ஆனால் ஆழம் குறைந்தது. வண்டலும் நிறைய சேர்ந்திருக்கிறது. அதனால்தான் மட்டம் சில அடி இறங்கினாலே தண்ணீர் கரையை விட்டு வெகுதூரம் விலகிவிடுகிறது. வறண்ட கோடையில் போனால் வெடித்த தரையைத்தான் பார்ப்பீர்கள்.

தண்ணீர் வருவது இப்படி: மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் கல்லணை வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையில் உள்ள கீழணையில் தேங்கும். அங்கிருந்து வடவாறு அதை ஏரிக்குக் கொண்டுவரும். வடகிழக்குப் பருவமழையில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர் பக்கத்து மழைநீரைச் சேர்க்கும். அப்போது ஏரி செம்மண் நிறமாக இருக்கும். மழை ஓய்ந்து, வண்டல் படிந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் என் கணிப்பில் மிகச் சிறந்த நாட்கள். நாரையும் நீர்க்காகமும் அப்போது நிறைய தெரியும். பெருமழை நாளில் மட்டும் வேண்டாம். லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை மதகைத் திறந்தால் கீழே தாழ்ந்த பாதைகளில் தண்ணீர் ஏறும்.

கரையில் நிற்பவருக்கு ஏரி மேற்கே இருப்பதால், காலையில் வெயில் முதுகில் விழும். பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலை மூன்று, நான்கு மணிக்குக் கண் கூசும். சூரியன் மறையும் வரை பொறுத்தால் நீர்ப்பரப்பு முழுவதும் சிவந்துவிடும். தண்ணீருக்குள் இறங்காதீர்கள், ஓரத்துச் சேறு காலை இழுக்கும்.

ஏரியின் தென்பக்கத்து ஊர் காட்டுமன்னார்கோயில். சோழர் காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அவர் பேரர் ஆளவந்தாரும் பிறந்த ஊர் இது. வீரநாராயணப் பெருமாள் கோயில் 108 திவ்வியதேசங்களில் சேராது. ஆனாலும் நாதமுனிகள் 'ஆராவமுதே' பாசுரத்தைக் கேட்டு மற்ற பாசுரங்களைத் தேடிப் புறப்பட்டது இங்கிருந்துதான் என்பது வைணவ மரபு. அடுத்தே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறித்து விற்ற செய்தியைச் சொல்லும் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. இதற்காகவே ஒரு முறை அந்தச் சுவர் முன் நிற்கலாம்.

இரண்டு கோயில்களிலும் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே விடியலில் ஏரிக்கரை, ஒன்பது மணிக்குப் பிறகு கோயில்கள், மாலையில் மறுபடி கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருபவர்கள் சிதம்பரத்தில் இறங்கி, காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து பிடிக்கலாம். தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்.