சாகவே சாவாய்

நேயர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நம் டெல்டாவில் அன்றைக்கு மழை பெய்யாவிட்டால்தான் ஆச்சரியம். போன ஆண்டு, குடமுருட்டிக் கரையிலுள்ள எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் கல்லறையில் ஏற்றிய மெழுகுவத்தி மூன்று முறை அணைந்துவிட்டது. நான்காவது தீக்குச்சியை உரசும்போது, குடை பிடித்துக்கொண்டிருந்த பேரன் கேட்டான்: "பழத்தைத் தின்னும் நாளில் சாவாய் என்றுதானே கடவுள் சொன்னார், தாத்தா? ஆதாம் 930 வருடம் வாழ்ந்திருக்கிறாரே?"

மறைக்கல்வி வகுப்பில் அந்த வயதில் நான் கேட்கத் துணியாத கேள்வி. பையன் சொன்ன கணக்கு சரி. விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் 2ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கை, 5ஆம் அதிகாரத்தில் 930 வயது. கடவுளுக்கு ஆயிரம் ஆண்டு ஒரு நாள், ஆதாம் அதற்குள் இறந்துவிட்டானே என்று சிலர் நேர்செய்வார்கள். எனக்கு அது ஆண்டு முடிவில் சங்கக் கணக்கைச் சரிக்கட்டுவதுபோல் படும்.

"சாகவே சாவாய்" என்கிறது தமிழ் விவிலியம். எபிரேயத்திலும் அப்படித்தான்: 'மோத் தாமூத்' என்று சாவுக்கான சொல் இரட்டித்து வருகிறது. அரசர்கள் முதல் நூலில் சாலமோன், சிமயி என்பவனிடம் இதே வாய்ப்பாட்டில் பேசுகிறார். எருசலேமை விட்டு வெளியேறும் நாளில் நீ சாகவே சாவாய் என்கிறார். சிமயி சும்மா இருந்தானா? ஓடிப்போன இரண்டு அடிமைகளைத் தேடிக் காத்து நகருக்குப் போனான். பிடித்துக்கொண்டு திரும்பியும் வந்தான். அதற்குப் பிறகுதான் அரசன் அவனை அழைத்து விசாரித்தான், உயிரும் போயிற்று. நகர வாசலைத் தாண்டிய அன்றைக்கே தீர்ப்பு விழுந்துவிட்டது. தண்டனை தன் நேரத்துக்கு வந்தது. ஆதாமின் கதையையும் நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இது எளிய முடிச்சு. ஆதாம் சாகாதவனாகவா படைக்கப்பட்டான் என்பதுதான் கடினமானது. பாவத்தின் வழியே சாவு உலகில் நுழைந்தது என்று உரோமையர் 5:12இல் திருத்தூதர் பவுல் சொல்கிறார். ஆனால் தொடக்கநூலில், வாழ்வின் மரத்திலிருந்தும் பறித்துத் தின்று என்றென்றும் வாழ்ந்துவிடக் கூடாது என்றே மனிதன் வெளியேற்றப்படுகிறான். சாகாவரம் பிறவியிலேயே இருந்தால் அந்த மரம் எதற்கு? சாலமோனின் ஞானம் என்ற விவிலிய நூல், கடவுள் சாவை உண்டாக்கவில்லை என்கிறது. சீராக் நூலின் ஆசிரியர் ஓரிடத்தில் பெண்ணின் தலையில் பழியைப் போடுகிறார் (வரப்புத் தகராறுக்கும் வந்த மருமகளைக் காரணம் சொல்கிற ஊர்தானே நம்முடையது!). அவரே 41ஆம் அதிகாரத்தில், சாவு எல்லாருக்கும் ஆண்டவர் விதித்தது, அஞ்சாதே என்கிறார்.

பாவம் செய்யாவிட்டாலும் ஆதாம் இறந்திருப்பான் என்பவர்களை 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் சபித்தது. அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கும் முன்பே அந்தியோக்கியா ஆயர் தியோபில், மனிதன் சாவுக்கென்றோ சாகாமைக்கென்றோ படைக்கப்படவில்லை, இரண்டுக்கும் இயன்றவனாகவே படைக்கப்பட்டான் என்று எழுதியிருந்தார். என் மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது.

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் சாவைக் கடைசிப் பகைவன் என்கிறார். பத்து வசனம் தள்ளி, விதை செத்தால்தான் உயிர் பெறும் என்கிறார். நாற்றுப் பறித்தவர்களுக்கு இது தெரியும். நாற்று முடியைச் சேறு போக அலசும்போது சில வேர்களில் விதைநெல்லின் கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் உமி. விதை சாகவில்லை, மாவுச்சத்து முளைக்கு உணவாயிற்று என்று வேளாண்மை அலுவலர் திருத்துவார்; திருத்தட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் விதை, நாற்று என்று பேச எனக்கு வாய் வராது. அங்கே சாவு பகைவன்தான். என் அப்பா 91 வயதில், அறுவடை முடிந்த மாசியில் போனார். அங்கே விதை என்ற சொல் பொருந்தியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் திணிக்கும்போதுதான் முரண்பாடு என்கிறோம்.

பேரனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சிமயி கதையை மட்டும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்த அடிமைகள் என்ன ஆனார்கள்?" என்றான். விவிலியத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மெழுகுவத்தி மறுபடியும் அணைந்திருந்தது.

வணக்கம்.