கோர்ட் கேசும் இலக்கணக் கேசும்

அவையோருக்கு வணக்கம். நாம் வேற்றுமை என்பதை ஆங்கிலத்தில் ‘கேஸ்’ என்கிறார்கள். கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுக்கிறதே, அதுவும் இதே கேஸ்தான். பெட்டியைக் குறிக்கும் கேஸ் வேறு. அது ‘காப்ஸா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. அடுப்பில் எரியும் கேஸை இன்று விட்டுவிடுவோம்.

லத்தீனில் இதன் மூலம் ‘காசுஸ்’. ‘காதெரே’, அதாவது விழு என்ற வினையில் பிறந்தது. நம் தலையில் வந்து விழுவதெல்லாம் காசுஸ். வழக்குக்குப் பெயர் பொருத்தம்தான்.

சரி, இலக்கணத்தில் எது விழுகிறது? ரோமர்களைக் கேட்டுப் பயனில்லை. கிரேக்கர்களின் ‘ப்டோசிஸ்’ என்ற சொல்லை அவர்கள் அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். அதற்கும் வீழ்ச்சி என்றே பொருள். கண் இமை இறங்கிப்போவதை டாக்டர்கள் இன்றும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். அரிஸ்டாட்டில் வினைத் திரிபையும் சேர்த்தே ப்டோசிஸ் என்றார். பெயர்களின் பக்கம் அதைச் சுருக்கியவர்கள் ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவக் கூட்டத்தார். எழுவாய் வேற்றுமையை ‘நிமிர்ந்தது’ என்றும் மற்றவற்றைச் ‘சாய்ந்தவை’ என்றும் பிரித்தார்கள். அங்கேதான் சண்டை. நிமிர்ந்து நிற்பதை விழுந்தது என்று எப்படி ஐயா சொல்வீர்கள் என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தவர்கள் மடக்கினார்கள். மனத்தில் உள்ள எண்ணத்திலிருந்து விழுகிறது என்றார்கள் ஸ்டோயிக்குகள். எழுத்தாணியை மேலிருந்து விட்டால் விழுந்து குத்திட்டு நிற்பதில்லையா என்று உவமையும் சொன்னார்கள். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய அம்மோனியஸிடம் இது இருக்கிறது. எனக்குச் சமாளிப்பாகத்தான் படுகிறது. ஆனால் கெட்டிக்காரச் சமாளிப்பு!

இன்னும் பின்னே போனால், ப்டோசிஸுக்கு அறிஞர்கள் மீட்டெடுத்த இந்தோ-ஐரோப்பிய வேர் ‘பெட்’. பறத்தல், விழுதல் இரண்டுக்கும் அது பொது. சமஸ்கிருதத்தில் அதுவே ‘பத்’. இறகையும் இலையையும் குறிக்கும் ‘பத்ர’ அதில் பிறந்தது. காலையில் வாசலில் வந்து விழும் பத்திரிகையும் அந்த வம்சம்தான்.

அப்புறம், நம் இரண்டாம் வேற்றுமைக்கு ஆங்கிலப் பெயர் ‘அக்யூசடிவ்’, குற்றம் சாட்டுவது. ‘சோற்றைத் தின்றான்’ என்றால் சோறு என்ன குற்றம் செய்தது? கிரேக்கப் பெயர் ‘ஐதியாதிகே’. அதன் அடியான ‘ஐதியா’வுக்குக் காரணம் என்றும் பொருள், பழி என்றும் பொருள். செயலால் விளைந்ததைக் குறிக்கவே கிரேக்கர் அப்படிச் சொன்னார்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. ரோமர்கள் பழியைப் பிடித்துக்கொண்டார்கள், கி.மு. முதல் நூற்றாண்டு ரோம அறிஞர் வர்ரோவிடமே குற்றச்சாட்டு வந்துவிட்டது. ரஷ்யர்களும் விடவில்லை. அவர்கள் மொழியில் இது ‘வினீதெல்னி பதேஷ்’. ‘வினா’ குற்றம், ‘பதேஷ்’, வேறென்ன, வீழ்ச்சி.