என் கணினியில் பறக்கும் நிரல் வெளியே போனால் ஏன் தவழ்கிறது?

அடுத்த கேள்வி. இதை முழுதாகவே படித்துவிடுகிறேன். "கோப்புகளை அனுப்ப, தரவைப் பாக்கெட்டுகளாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி மேல் நானே ஒரு சிறிய நெறிமுறை எழுதியிருக்கிறேன். சர்வர், கிளையன்ட் இரண்டையும் என் லேப்டாப்பிலேயே ஓட்டினால் நொடிக்கு 1 ஜிகாபைட்டைத் தாண்டுகிறது. வீட்டில் இன்னொரு கணினியோடு ஜிகாபிட் கேபிள் போட்டு ஓட்டினால் 75 மெகாபைட். வெளிநாட்டு வாடகை சர்வரில் வைத்தால் வெறும் 320 கிலோபைட். அங்கே பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லிவிநாடி. என் இணைப்போ 100 மெகாபிட். இணைப்பு கொடுத்தவர்களிடம் சண்டைக்குப் போகலாமா? பின்குறிப்பு: ஒவ்வொரு 64 கிலோபைட் தொகுதியும் 'வந்து சேர்ந்தது' என்று மறுமுனை சொன்ன பிறகே அடுத்ததை அனுப்புகிறேன், பத்திரமாக இருக்கட்டுமே என்று."

சண்டைக்குப் போகாதீர்கள். பதில் உங்கள் பின்குறிப்பிலேயே இருக்கிறது.

ஒரே கணினியில் 127.0.0.1, அதாவது கணினி தன்னையே அழைக்கும் முகவரி வழியாக ஓட்டும்போது நெட்வொர்க் கார்டு, கேபிள் எதுவும் வேலையில் இல்லை. இயங்குதளத்தின் மையமான கர்னல், நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுக்கிறது, அவ்வளவுதான். லினக்ஸில் அந்த வழியின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 65,536 பைட், ஈத்தர்நெட்டில் 1,500. ஆகவே அந்த 1 ஜிகாபைட் உங்கள் லேப்டாப்பின் பெருமை, நெறிமுறையின் பெருமை இல்லை.

கேபிளுக்கு வருவோம். உங்கள் நிரலை ஓட்டுவதற்கு முன், வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை ஓட்டி, கேபிள் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் லினக்ஸ் என்றால் 941 மெகாபிட் வரும். "1000 எங்கே?" என்று பலர் கேட்கிறார்கள். 1,500 பைட் பாக்கெட்டில் ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20, நேரமுத்திரை 12 போக உங்களுக்குக் கிடைப்பது 1,448. அந்தப் பாக்கெட் கம்பியில் பிடிக்கும் இடமோ, ஈத்தர்நெட் தலைப்பு, தொடக்கத்தை அறிவிக்கும் பைட்டுகள், இடைவெளி எல்லாம் சேர்த்து 1,538. வகுத்துப் பாருங்கள், 94.1 சதவீதம். கூடுதல் குறைச்சல் இல்லாமல் அதே எண் திரையில் வருவதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம். மாறாக 94 மெகாபிட் மட்டுமே வந்தால் கேபிளையோ அதன் முனையையோ சந்தேகப்படுங்கள். எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலே இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம்.

எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 941 மெகாபிட் என்றால் நொடிக்கு 117 மெகாபைட். உங்களுக்கு 75 தான் வருகிறது. 64 கிலோபைட் அந்தக் கேபிளில் போக 0.55 மில்லிவிநாடி ஆகும். பதில் திரும்பி வர 0.3 என்று வைத்துக்கொண்டாலே, மூன்றில் ஒரு பங்கு நேரம் கேபிள் சும்மா கிடக்கிறது. வியாதி வீட்டுக்குள்ளேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. நீங்கள்தான் அதை ஜிகாபிட் கேபிளின் குறை என்று விட்டுவிட்டீர்கள்.

வெளிநாட்டு சர்வரில் ஒரு தொகுதி போய்ப் பதில் வர 200 மில்லிவிநாடி. நொடிக்கு ஐந்து தொகுதிகள். ஐந்து அறுபத்து நான்கு, 320. உங்கள் எண் அப்படியே வந்துவிட்டது பாருங்கள். ஊருக்கு ஒரு மணியார்டர் அனுப்பிவிட்டு, கையெழுத்திட்ட ரசீது திரும்பி வந்த பிறகே அடுத்ததை அனுப்புவது போன்ற வேலை இது. பக்கத்துத் தெரு என்றால் தாமதம் உறைக்காது. கோப்பு அனுப்பும் பழைய டிஎஃப்டிபி நெறிமுறையும் இப்படித்தான் 512 பைட் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்.

100 மெகாபிட்டை 0.2 விநாடியால் பெருக்கினால் 20 மெகாபிட், அதாவது 2.5 மெகாபைட். அவ்வளவு தரவு எப்போதும் வழியில் இருந்தால்தான் குழாய் நிரம்பும். உங்கள் கணக்கில் ஏறத்தாழ 38 தொகுதிகள். ஆகவே பதிலுக்குக் காத்திருக்காமல் தொகுதிகளை அனுப்பிக்கொண்டே இருங்கள். தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் வேலையை டிசிபி ஏற்கெனவே செய்கிறது. அது உறுதி சொல்லாத ஒன்று, மறுமுனை அதை வட்டில் எழுதியதா என்பது. அதற்குக் கோப்பின் முடிவில் ஒரே ஒரு சரிபார்ப்புப் பதில் போதும்.

இனி, வாடகை சர்வர் இல்லாமலே இதைச் சோதிக்க வழி உண்டு. லினக்ஸில் நெட்எம் என்ற வசதியால் 127.0.0.1 வழிக்கே செயற்கைத் தாமதம் கொடுக்கலாம். வின்டோஸில் கிளம்ஸி என்ற இலவச நிரல் இருக்கிறது. நெட்எம்மில் 200 மில்லிவிநாடி கொடுத்தால் பிங் 400 காட்டும். போகிற பாக்கெட்டும் திரும்புகிற பாக்கெட்டும் அதே வாசலைத் தாண்டுகின்றன. ஆகவே 100 கொடுங்கள். லேப்டாப்பை மின் இணைப்பில் வைத்து ஓட்டுங்கள், முதல் சில விநாடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சோதனை முடிந்ததும் அந்தத் தாமதத்தை மறக்காமல் நீக்கிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, என் கணினியில் இருந்த தரவுத்தளம் ஏன் திடீரென்று நோயாளி போல் நடக்கிறது என்று ஒரு மாலை முழுவதும் அதன் குறியீடுகளைத் துருவிக்கொண்டிருந்தேன்.