தங்கக் காசுக்கு வளையம் வைக்காதீங்க

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில காசு சேர்க்கிற ஆக்களே கொஞ்சப்பேர்தான், அதிலயும் தங்கக் காசு எண்டா இன்னும் குறைவு, ஏனெண்டா நம்மட சனத்துக்குத் தங்கம் எண்டா தாலிக்கொடி, காப்பு, அவசரத்துக்கு அடகு, அவ்வளவுதான். இண்டைக்கு நான் கதைக்கப்போறது சுதந்திர நினைவா அடிச்ச தங்கக் காசுகளப் பத்தி.

நம்மட இலங்கையிலயும் 1998ல சுதந்திரப் பொன்விழாவுக்கு மத்திய வங்கி 5000 ரூபா தங்கக் காசு விட்டது, 1000 ரூபாவில வெள்ளிக் காசும் வந்தது, ஆனா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது அந்த ரெண்டு நிறத்துப் பத்து ரூபாதான், இப்பவும் தேடினா யாராவது வீட்டு உண்டியல்ல கிடக்கும்.

எனக்கு மிச்சம் பிடிச்சது மெக்சிகோட சென்டனாரியோ. ஸ்பெயினிட்ட இருந்து விடுதலையாகி நூறு வருசம் எண்டு 1921ல அடிக்கத் தொடங்கின 50 பேசோ காசு. செட்டை விரிச்ச ஒரு பொம்பிளை, ஒரு கையில இலை வளையம், மற்றக் கையில அறுந்த சங்கிலி, பின்னால ரெண்டு எரிமலை. 37.5 கிராம் சுத்தத் தங்கம் எண்டு காசிலயே எழுதிக் கிடக்கும், மொத்த நிறை 41.67 கிராம், நம்மட 22 கரட் கணக்கில பார்த்தா அஞ்சு பவுனுக்குச் சொட்டுக் கூட. இவ்வளவு வடிவா இருந்தும் 1947 எண்டு போட்டதுக்குத் தங்க விலைக்கு மேல பெரிசா ஒண்டும் கிடைக்காது, அந்த வருசத்தையே போட்டுப் போட்டு 1972 வரைக்கும் அடிச்சுத் தள்ளினாங்கள். ஆனா 1921ன்ட காசு வேற, அதுக்குச் சேர்க்கிற ஆக்கள் கூடக் குடுப்பாங்க.

அமெரிக்காவில கதை மற்றப் பக்கம். சுதந்திரத்துக்கு 150 வருசம் எண்டு 1926ல ரெண்டரை டொலர் தங்கக் காசு, 4.18 கிராம்தான், ரெண்டு லட்சத்துக்கு மேல அடிச்சும் விலைப்படேல்ல, மிஞ்சின 1,54,207 காசை அவங்களே திரும்ப உருக்கிப்போட்டாங்கள், வெளிய போனது 46,019 மட்டும். அதில ஒரு கீறல் இல்லாம நல்லாக் கிடக்கிறதுக்கு இண்டைக்கு நல்ல கேள்வி இருக்கு.

இங்கதான் நம்மட ஆக்களோட எனக்குக் கொஞ்சம் கோவம். வெளிநாட்டில இருந்து மாமாவோ சித்தப்பாவோ ஒரு காசு குடுத்தா, நேர நகைக்கடைக்குக் கொண்டு போய் வளையம் ஒட்டிப் பதக்கமாக்கிறது, இல்லாட்டி பூந்திக்கொட்டை போட்டுத் தேய்ச்சு மினுக்கிறது. வளையம் ஒட்டின இடம் திரும்பி வராது, தேய்ச்சா மேல் கோடுகள் மழுங்கிடும், பிறகு அது உருக்கிற விலைக்குத்தான் போகும். இந்தக் கடல் காத்தில சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி வந்தாலும் பயப்படாதீங்க, கலந்திருக்கிற செம்புதான், அப்பிடியே விடுங்க.

விக்கிற எண்ணம் இருந்தா முதல்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, நிறையையும் குறுக்களவையும் எழுதிக்கொண்டு போங்க. சென்டனாரியோவுக்குக் குறுக்கு 37 மில்லிமீற்றர். அளவு சரியா இருந்து நிறை குறைஞ்சா அது வேற உலோகம், நிறை சரியா இருந்து காசு தடிப்பாத் தெரிஞ்சாலும் அதே கதைதான்.