புண்ணாக்கிலிருந்து பாலுக்கு: உணவில் உள்ள நஞ்சை எடைபோடுவது எப்படி?

(திண்டிவனம் பகுதியில் பால் உற்பத்தியாளர்களும் நுகர்வோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, மாலைக் கறவையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னை அழைத்தவர்கள் ‘பாலில் கலப்படம்’ பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி என்றேன். ஆனால் கலப்படத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவிடப் போவதில்லை. ஏன் என்று எண்ணிலேயே சொல்லிவிடுகிறேன். 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. மறு ஆண்டு முடிவு வெளியானது. உடம்புக்குக் கேடு செய்கிற கலப்படம் இருந்தது எத்தனையில் தெரியுமா? வெறும் 12. யூரியா, சோப்புத்தூள் என்று வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழுகிறதே, எல்லாம் சேர்ந்து 12. அதே ஆய்வில், அஃப்ளாடாக்சின் எம்1 என்கிற பூஞ்சை நஞ்சு வரம்பை மீறி இருந்தது 368 மாதிரிகளில். மாநில வரிசையில், எண்ணிக்கையில் முதலிடம் நமக்குத்தான். தமிழ்நாட்டில் எடுத்த 551-இல் 88, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று.

இதை யாரும் பாலில் கலக்கவில்லை. கறக்கும்போதே வருகிறது. திருடனைப் பிடிக்க வாசலில் காவல் போட்டோம். சரக்கு கொல்லைப்புறமாக, நம் தொழுவம் வழியாக வந்துகொண்டிருக்கிறது.

கதை 1960-இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. காரணம் தெரியாததால் ‘எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அதில் வளர்ந்து நஞ்சைச் சுரந்திருந்தது. பச்சையும் மஞ்சளுமாக, சொத்தைக் கடலையில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிற அதே பூஞ்சைதான்.

மனிதர்களை அது என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். 1974-இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டத்திலும் பருவம் தப்பிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்தது. ஏழைப் பழங்குடி மக்கள். வேறு தானியம் கிடையாது. பூஞ்சை பிடித்ததையே வாரக்கணக்கில் சாப்பிட்டார்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல். 397 பேருக்கு நோய், 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் போய்க் கணக்கெடுத்தபோது, ஒருவர் நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரை நஞ்சு உண்டிருக்கக்கூடும் என்று தெரிந்தது.

இந்த 2 மில்லிகிராமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலுக்கு இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். வரம்பளவு நஞ்சு உள்ள பாலில் ஒரு டம்ளர், 200 மில்லி குடித்தால் உள்ளே போவது 0.1 மைக்ரோகிராம். பன்ஸ்வாராக்காரர் ஒரு நாளில் தின்றதில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அது மட்டுமல்ல. மாட்டின் ஈரலில் மாறி வருகிற எம்1, கடலையில் இருக்கிற மூல நஞ்சான பி1-ஐவிடப் பத்து மடங்கு வீரியம் குறைந்தது என்று நிபுணர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே நாளைக் காலை காபியைக் கொட்டிவிடாதீர்கள்.

அப்படியென்றால் கவலையே வேண்டாமா? இங்கேதான் சிக்கல். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்கிறோம். பெரும்பாலான ரசாயனங்களுக்கு அது பொருந்தும். பூச்சிமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்கு எந்த அளவு வரை ஒன்றும் ஆகவில்லையோ அதைக் கண்டுபிடித்து, மனிதன் எலியைவிட நோஞ்சானாக இருக்கலாம் என்று பத்தால் வகுத்து, மனிதர்களிலும் குழந்தையும் நோயாளியும் உண்டு என்று இன்னொரு பத்தால் வகுத்து, நூறில் ஒரு பங்கை ‘தினமும் உண்ணத்தக்க அளவு’ என்று வைக்கிறார்கள். அஃப்ளாடாக்சினுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அது ஈரல் செல்லின் மரபணுவிலேயே போய் ஒட்டிக்கொண்டு புற்றுநோயைத் தூண்டுவது. இதற்குக் கீழே போனால் துளியும் கெடுதல் இல்லை என்று கோடு கிழிக்க அதில் இடமில்லை. ஆகவே 0.5 என்கிற வரம்பும் பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இருக்கிற வேலி கிடையாது. எவ்வளவு தூரம் குறைக்க முடியும், குறைத்தால் பால் கிடைக்குமா, விலை என்னவாகும் என்று பேசி முடித்த பேரம். ஐரோப்பாவில் அதே பாலுக்கு 0.05. நம்மைவிடப் பத்து மடங்கு கறார்.

அந்தப் பத்து மடங்கால் எத்தனை உயிர் மிஞ்சும்? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2001-இல் இதே கேள்வியைக் கையில் எடுத்தது. எல்லாப் பாலும் 0.05-இல் இருப்பதற்குப் பதில் எல்லாப் பாலும் 0.5-இல் இருந்தால், ஈரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி கிருமி குறைவாக உள்ள ஒரு சமுதாயத்தில், நூறு கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 29 ஈரல் புற்றுநோய் கூடும் என்று வந்தது. மிக மோசமான நிலையைக் கற்பனை செய்து போட்ட கணக்கு அது.

ஹெபடைடிஸ் பி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் இந்தக் கணக்கு முழுவதிலும் முக்கியமான இடம் இதுதான். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நானோகிராம், அதாவது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பி1 தினமும் உள்ளே போனால், கிருமி இல்லாத ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 0.01 புற்றுநோய். கிருமியைச் சுமப்பவர்களில் 0.3. முப்பது மடங்கு! நம் ஊரில் நூற்றுக்கு மூன்று பேர் சுமக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். 97 பேருக்குச் சேர்த்து 0.97 பங்கு, அந்த மூன்று பேருக்கு மட்டும் 0.9 பங்கு. பாதி ஆபத்து மூன்று பேர் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் போடுகிறார்களே அந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, அது கடலையில் உள்ள நஞ்சின் பல்லையும் பிடுங்குகிறது. தானியத்தைத் தொடாமலேயே ஆபத்தைப் பாதியாக்க ஒரு வழி. உணவுப் பாதுகாப்புக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதே இல்லை.

இப்போது குழந்தைக்கு வருவோம். அறுபது கிலோ எடையுள்ள அப்பா வரம்பளவு நஞ்சுள்ள பாலில் ஒரு டம்ளர் குடித்தால் அவருடைய கிலோ ஒன்றுக்கு 1.7 நானோகிராம். பத்து கிலோ எடையுள்ள ஒரு வயதுப் பையன் 400 மில்லி குடிக்கிறான், அவனுக்கு வேறு சாப்பாடும் அதிகம் இல்லை. அவனுடைய கிலோ ஒன்றுக்கு 20. அதே பால், அதே வீடு, பன்னிரண்டு மடங்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வேறொரு முறையில் அளந்தது. எலிகளில் பத்து விழுக்காடு கூடுதல் புற்றுநோய் தருகிற அளவை எடுத்துக்கொண்டு, நாம் உண்பது அதற்கு எத்தனை மடங்கு கீழே இருக்கிறது என்று பார்ப்பது அந்த முறை. பத்தாயிரம் மடங்கு கீழே இருந்தால் பெரிய கவலை இல்லை. எம்1-க்கு அந்த அளவு கிலோவுக்கு 4,000 நானோகிராம். நம் பையனின் 20-ஆல் வகுத்தால் 200. பத்தாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் இருநூறு.

ஒரு கணக்கு முறை ‘நூறு கோடிக்கு 29’ என்று ஆறுதல் சொல்கிறது, இன்னொன்று கண்ணை உருட்டுகிறது. எது சரி? இரண்டும் சரிதான். முதலாவது எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கேட்கிறது. இரண்டாவது, எதை முதலில் சீர்செய்வது என்று வரிசைப்படுத்துவதற்கான கருவி. அதை நோய்க் கணக்காகப் படிக்கக் கூடாது. செய்தித்தாள்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் ஒரு வாரம் பீதி, அடுத்த வாரம் மறதி.

அந்தப் பையனுக்கு நான்கு வயதில் ஒரு அக்கா, பதினைந்து கிலோ எடை. கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் நஞ்சுள்ள மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், முப்பது கிராம் வறுத்துக் கொடுக்கிறோம். அவளுடைய கிலோ ஒன்றுக்கு 30 நானோகிராம், அதுவும் பி1. எம்1 கணக்கில் சொன்னால் 300. தம்பி பாலில் குடித்ததைப்போல பதினைந்து மடங்கு. பாலைப் பற்றிக் கவலைப்படுகிற வீட்டில் கடலையை யாராவது பொறுக்குகிறோமா? சுருங்கியது, கறுத்தது, வாயில் போட்டதும் கசப்பது, இவற்றைத் தள்ளிவிட்டாலே நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். காய்ச்சினாலும் வறுத்தாலும் முழுசாக அழியாது.

சரி, தள்ளியது எங்கே போகிறது? இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செக்குக்குப் போகிறது. எண்ணெயில் இந்த நஞ்சு அதிகம் கரையாது. பெரும்பகுதி புண்ணாக்கோடு தங்கிவிடும். புண்ணாக்கு மாட்டுக்கு. மாடு தின்ற பி1-இல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு எம்1 ஆகப் பாலில் இறங்குகிறது. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் நஞ்சுள்ள புண்ணாக்கை ஒரு மாட்டுக்கு மூன்று கிலோ வைத்தால் 600. அதில் ஒன்றரை விழுக்காடு 9. பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.9. வரம்பு 0.5. நம் குழந்தை தின்னக் கூடாது என்று பொறுக்கி எறிந்தது, சுற்றிக்கொண்டு வந்து அவன் டம்ளரிலேயே நிற்கிறது.

‘என் புண்ணாக்கைச் சோதித்தேன், ஒன்றும் இல்லை என்று வந்தது’ என்று சிலர் சொல்வீர்கள். எவ்வளவு எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்பேன். இந்த நஞ்சு மூட்டை முழுக்கப் பரவி இருப்பதில்லை. கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்கில் நஞ்சு ஏறிய ஒற்றைக் கடலைப் பருப்பைக்கூட ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பு பத்து கிலோவில் விழுந்தால், மொத்தமும் கிலோவுக்கு 50 ஆகிவிடும். பத்து கிலோவில் ஏறத்தாழ இருபதாயிரம் பருப்பு. ஒரு கைப்பிடி அள்ளினால் அது சிக்குமா? அதனால்தான் கடலைக்குப் பல இடங்களிலிருந்து அள்ளிச் சேர்த்து இருபது கிலோ மாதிரியாக எடுக்க வேண்டும் என்று சர்வதேச உணவுத் தரக் குழு விதி வைத்திருக்கிறது. புண்ணாக்கு ஆட்டும்போதே ஓரளவு கலந்துவிடுகிறது, பால் இன்னும் நன்றாகக் கலந்துவிடுகிறது. ஆகவே சங்கத்தின் மொத்தப் பாலைச் சோதிப்பதுதான் மலிவான உளவு. அதில் கூடுதலாக வந்தால் ஒவ்வொரு வீட்டுப் புண்ணாக்காகப் பின்னோக்கிப் போகலாம்.

கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனம் வைத்திருக்கிற பி1 வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். மூட்டையில் முத்திரை இருந்தால் கேள்வி கேட்க ஆள் உண்டு. சில்லறையாக வாங்குகிற புண்ணாக்குக்கு யார் பொறுப்பு? விவசாயியைக் குறை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வருகிற கடலைக்கும், ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலைக்கும் மண்டியில் ஒரே விலை என்றால், இன்னும் நான்கு நாள் களத்தில் காயவைத்து எடையை இழக்க அவருக்கு என்ன பைத்தியமா? ஈரம் எட்டு விழுக்காட்டுக்கு இறங்கினால் பூஞ்சைக்கு வேலை இல்லை. அந்த ஈரத்துக்கு ஒரு விலை வித்தியாசம் வைக்க நம் சங்கங்களால் முடியும். எண்ணெய் ஆலைகளோடு பேசவும் முடியும்.

கேள்வி நேரம் இருக்கிறது, ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். மாடு நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. கெட்ட புண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 அநேகமாக இறங்கிவிடும். உங்கள் பாலில் கூடுதலாக இருக்கிறது என்று சங்கத்தில் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். புண்ணாக்கை மாற்றிவிட்டு, ஐந்தாம் நாள் காலைக் கறவையில் மறுபடி மாதிரி கொடுங்கள். முன்வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், முதலில் அவர் கேட்கட்டும்.