இருநூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள்

(பாம்பனில் நடந்த பறவை நோக்கர் குழுவின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைக்கு வணக்கம்.

பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதே முக்காலுக்கே வந்து முன்வரிசையில் அமர்ந்து, எங்களைப் பெருமைப்படுத்திய ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு ரூபாய் வாடகை வாங்காமல் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே, நூறு நாற்காலிகளையும் தண்ணீர்த் தொட்டியையும் அனுப்பிவைத்த ஜமாத் பெரியவர்களே, எங்களை நம்பி விடியற்காலையில் பிள்ளைகளை அனுப்பும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நேற்றிரவு வலை இழுத்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கும் நாட்டுப்படகு மீனவர் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, வனத்துறையிலிருந்து வந்திருக்கும் வனவர் அவர்களே, ஆட்டோ ஓட்டுநர் தம்பிமார்களே, தாய்மார்களே, பிள்ளைகளே! யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மைக் கட்டிய தம்பிக்கும் என் நன்றி.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே மூன்று பொருள்கள் போட்டிருக்கிறார்கள்: குழுவின் ஓராண்டுப் பணி, கண்மாய்ப் பறவைகள், பிள்ளைகளுக்கான பயிற்சி. மூன்றையும் தொடப் பார்க்கிறேன். ஆனால் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைகளைப் பற்றி.

என் தகப்பனார் முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரி விவசாயி. வானம் பார்த்த பூமியில் அவர் நாளைக்கு நாலு தடவை சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: ‘அகல உழுவதை விட ஆழ உழு.’ இந்தக் குழு தொடங்கியபோது நாற்பது ஊருக்குப் போவோம், நூறு வகைப் பறவையைப் படம் எடுப்போம் என்று இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். வேண்டாம் என்றேன். நான்கே இடம். மாதத்தின் முதல் ஞாயிறு. அதே கரை, அதே நேரம், அதே நோட்டு. போன மாதம் இருந்தது இந்த மாதம் ஏன் இல்லை என்று கேட்கத் தெரிய வேண்டுமானால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். சம்பளம் வாங்கும் ஆள் ஒருவரும் எங்களிடம் இல்லை. பெட்ரோல் செலவு அவரவர் பையிலிருந்துதான்.

எங்கள் ஆண்டு ஆகஸ்டில் பிறக்கும். காற்று இன்னும் மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வடக்கிலிருந்து உள்ளான் என்னும் கரைப்பறவைகளின் முதல் கூட்டம் இறங்கிவிடும். கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை 25 கிராம் அளவுதான் இருக்கும், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தின் கனம்கூட இருக்காது. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கிருந்து நம் ஈரமணலுக்கு வந்து சேர்கிறது. ஓடி ஓடிக் கொத்தும். அதன் கால் அசைவைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது, சக்கரம் வைத்த பொம்மை மாதிரி இருக்கும். கல்திருப்பி உள்ளானும் அப்போதுதான் வரும். கரையில் ஒதுங்கிய கடற்பாசியைப் போர்வையை விலக்குவதுபோல அலகால் புரட்டி அடியில் இருப்பதைத் தின்னும்.

ஐப்பசி மழை பெய்து கண்மாய் பெருகினால் கதை உள்நாட்டுக்குப் போய்விடும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று கண்மாய்களே சரணாலயமாக இருக்கும் மாவட்டம் இது. காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில், அறிவிக்கப்பட்டன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல் சேர்ந்தன. தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊரார் அந்தப் பறவைகளைக் காபந்து பண்ணுகிறார்கள். வரத்துக்கால் அடைபட்டுக் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாரையும் வராது, மிளகாயும் விளையாது. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நான் முதலில் சொன்ன பூநாரைக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில், சதுப்புக் கரையில் தொலைநோக்கியைக் காலூன்றி வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். தூரத்தில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகக் கோடு இழுத்தாற்போலப் பூநாரைகள். அப்போது ஒரு வேன் வந்து நின்றது. கல்யாணம் நிச்சயமான மணமகனும் மணமகளும் இறங்கினார்கள். அரக்குப் பட்டு, மல்லிகைப்பூ, எல்லாம் அலங்காரம். கூடவே கேமராக்காரர், அவருக்கு உதவியாக ஒரு பையன். பையன் கையில் சிவப்புத் துண்டு. கேமராக்காரர் சொல்கிறார்: “நீ தண்ணிக்குள்ள ஓடித் துண்ட வீசு. அவ்வளவும் பறக்கும். அந்த நேரம் நான் எடுத்துருவேன்.”

நான் எழுந்திருப்பதற்குள் எங்கள் குழுவின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஓடிவிட்டது. பாம்பன் மீனவர் வீட்டுப் பெண். மூச்சு வாங்க அந்தப் பையன் முன்னால் போய் நின்றது. “அண்ணே, உங்க வீட்டுக் கல்யாணத்துல பந்தியில உக்காந்து சாப்பிடுறவங்கள இலையிலிருந்து எழுப்பி ஓடச் சொல்வீங்களா? அதுங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்குண்ணே!”

வேன் டிரைவர் கைதட்டிவிட்டார். பையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். கேமராக்காரருக்குக் கோபம், “வெளிச்சம் போயிரும்” என்றார். மணப்பெண்தான், “எங்க, காட்டும்மா பாப்போம்” என்று பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றோரம் நடந்து வந்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை. “தலைய தலைகீழா வச்சுச் சாப்பிடுது!” என்றார். ஆமாம், பூநாரை அலகைக் கவிழ்த்து வைத்து, நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளி, சிற்றுயிர்களைச் சல்லடை போட்டுத் தின்னும் பறவை. “நின்ன இடத்துலயே மிதிக்குது பாருங்க” என்றார். சேற்றைக் கலக்கித் தீனியைக் கிளப்பத்தான் அந்த மிதி. “சாம்பல் கலர்ல நிக்கிறது வேற சாதியா?” என்று கேட்டார். பிள்ளைதான் பதில் சொன்னது: “அதுங்க குஞ்சுக்கா. தின்னத் தின்னத்தான் அந்த ரோஸ் வரும்.” பத்துப் பத்தாக எண்ணும் முறையையும் சொல்லிக்கொடுத்தது. மணப்பெண் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை பாவம், தன் முறைக்காகப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கேமராக்காரர் எடுத்த படம் என்ன தெரியுமா? மணப்பெண் தொலைநோக்கியில் குனிந்திருக்கிறார், மாப்பிள்ளை வெயிலைக் கையால் மறைத்துப் பார்க்கிறார், பின்னால் பூநாரைகள் அமைதியாக மேய்கின்றன. பரமக்குடியில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் குழுவையே அழைத்தார்கள். வாசலில் பெரிதாக வைத்திருந்தது அந்தப் படத்தைத்தான். பந்தியில் அந்தப் பிள்ளைக்கு மணப்பெண்ணே இலை போட்டார்.

அந்தப் பிள்ளை இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. எழுந்து நில்லும்மா.

அந்தக் காலையில் ஒரு வேனை நிறுத்தினோம். நாங்கள் இல்லாத காலைகளில்? 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகு மணலில் திணறித் திணறிப் போன ஊர் தனுஷ்கோடி. 2017-இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. நல்லதுதான், நம் பிள்ளைகள் பலருக்கு அதனால் பிழைப்பு. ஆனால் சாலையை விட்டு இறங்கிச் சதுப்புக்குள்ளேயே டயர்த் தடம் போகிறது. டிரோன் பறக்கிறது. ஒரு கூட்டம் எழுந்தால் அரை மணிக்கு இறங்குவதில்லை. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் கொஞ்ச நேரம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு வேளை. இங்கே தின்று சேர்த்த கொழுப்பில்தான் உள்ளான் ஆர்க்டிக் பகுதி வரை திரும்பிப் போக வேண்டும். பூநாரை இந்தியாவில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் பகுதியில். அவ்வளவு தூரம் போகத் தெம்பு வேண்டாமா?

2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. அரசுக்கு நாம் கைகூப்ப வேண்டும். அறிவிப்பு அகலமாக வந்துவிட்டது. என் தகப்பனார் சொன்னதைத்தான் திரும்பச் சொல்வேன்: இனி ஆழ உழ வேண்டும். ஊராட்சித் தலைவர் அம்மாவிடமும் வனவர் ஐயாவிடமும் இந்த மேடையிலேயே கேட்கிறேன். சாலையோரம் வண்டி இறங்கும் இடங்களில் மரக்கட்டை ஊன்றுங்கள். மார்கழி முதல் பங்குனி வரை உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரைக் கூலி கொடுத்துக் காவல் வையுங்கள். இருநூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று தமிழிலும் இந்தியிலும் பலகை வையுங்கள். எங்கள் நோட்டில் பார்த்தவரை, ஆள் அந்தத் தூரத்துக்குள் வந்தால்தான் பூநாரைகளின் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. தலை நிமிர்ந்துவிட்டால் அடுத்தது பறப்புதான். ஆட்டோத் தம்பிகளே, சவாரி ஏறுபவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் நூறு நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை.

சித்திரையில் ஆலா என்னும் கடற்பறவைகள் கடலுக்குள் இருக்கும் மணல்தீடைகளில் வெறும் மணலிலேயே முட்டை இடும். முட்டையும் மணல் நிறம், மிதித்தாலும் தெரியாது. அந்தப் பக்கம் போகும் அண்ணன்மார்கள் காலடியைப் பார்த்து வைக்க வேண்டும் என்று சங்கத் தலைவர் சொல்லியிருக்கிறார்; அவருக்கு நன்றி. பிள்ளைகள் பயிற்சி பற்றி நம் செயலாளர் பேசுவார், எனக்கு மணி அடித்துவிட்டார்கள்.

மேலே கேட்டவற்றை எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்த கணக்கெடுப்பு வரும் ஞாயிறு. ஐந்தே முக்காலுக்குப் பாம்பன் பேருந்து நிறுத்தத்தில் நிற்போம். பளீரென்ற வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்கல் நிறம் போதும். தண்ணீர் கொண்டுவாருங்கள். தொலைநோக்கி நாங்கள் தருகிறோம்.

வணக்கம்.